முன்னுரைப் பீடமும் ஒரு தவளையும்

தார்வாட்டில் ஒரு புத்தகம் எப்படிப் பிறக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துச் சொல்வேன். முதலில் முன்னுரை பிறக்கும். அடுத்து, பின்னட்டையில் போடும் நாலு வரிப் பாராட்டு பிறக்கும். பிறகு வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் அமையும். இத்தனைக்கும் நடுவில் இடம் மிச்சமிருந்தால் கதைகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. இயந்திரம் அப்படித்தான் ஓடுகிறது. சுபாஷ் ரோட்டில் பதிப்பகம் வைத்திருக்கும் ஈரண்ணா இதைத் தானேஸ்வரிக்கு விளக்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். தானேஸ்வரி மட்டிகட்டி, பழைய மார்க்கெட்டில் அப்பா விட்டுப் போன விதைக்கடையை நடத்துகிறவள். முப்பது வயதைத் தாண்டியும் எழுத்தாளர் ஆகாததால் தூக்கம் கெட்டவள். பதினோரு கதைகளை ஒரு விதைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"கதை எல்லாம் இருக்கட்டும் தங்கச்சி, முன்னுரை எங்கே?" என்றார் ஈரண்ணா.

"முதல்ல கதையைப் படிச்சுப் பாருங்கண்ணா."

"நான் படிச்சு என்ன ஆகப்போகுது? நூலகத்துக்கு வாங்கறவங்க முன்னுரையைப் படிப்பாங்க. மதிப்புரை எழுதறவங்களும் முன்னுரையைத்தான் படிப்பாங்க. பரிசுக் கமிட்டிக்காரங்க அதுல கடைசிப் பத்தியை மட்டும் படிப்பாங்க. கதையைப் படிக்கறது உன் வீட்டு ஆளுங்கதான். அவங்களும் தங்களைப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கேன்னு பாக்கத்தான் படிப்பாங்க."

"யாரோட முன்னுரை வேணும்?"

ஈரண்ணா சுவரைக் கண்ணால் காட்டினார். லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், லட்சுமியைவிடப் பெரிய மாலையோடு மந்தாகினி இட்டகியின் படம் இருந்தது. அவர் உயிரோடுதான் இருக்கிறார்.

மந்தாகினி இட்டகியை ஊரே அக்கா என்று அழைக்கும். நாற்பது வருடத்துக்கு முன் 'ஏழு மிளகாய்' என்று ஒரு நாவல் எழுதினார். மிளகாய் காயப்போட்ட முற்றத்தில் ஏழு பெண்கள் வாய் திறக்காமலே சண்டை போடும் கதை. தானேஸ்வரி அதைப் பள்ளிக்கூட நாளில் விதைச்சாக்குகளுக்குப் பின்னால் ஒளிந்து படித்தாள். அன்றிலிருந்து அவள் நினைப்பதெல்லாம் அக்காவின் வாக்கியங்களில்தான். மழை வந்தால் அது அக்கா எழுதிய மழை. பல்வலி வந்தால்கூட அக்கா எழுதிய பல்வலி. பதினோரு கதைகளில் எந்த வரி தன்னுடையது என்று அவளுக்கே தெரியாது. அக்கா ஒருமுறை படித்தால் போதும், 'இது என்னுடையது, இந்தா, இது உன்னுடையது' என்று பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார் என்று நம்பினாள். முன்னுரை ஈரண்ணாவுக்கு வேண்டியது. தானேஸ்வரிக்கு வேண்டியது இந்தப் பிரிவினை.

ஆனால் அக்காவிடம் நேரே போக முடியாது. நடுவில் பீடம் இருக்கிறது.

மந்தாகினி இட்டகி முன்னுரைப் பீடம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடக்கிறது. அது ஏற்பட்ட விதம் எளிமையானது. அக்கா இளகிய மனசுக்காரர், கேட்டவர்களுக்கெல்லாம் முன்னுரை எழுதினார். கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த ரசிகர்கள் பீடம் அமைத்தார்கள். ஒழுங்கு வந்ததும் கூட்டம் இரண்டு மடங்கானது. அதற்குப் பிறகு பதினைந்து வருடமாக அக்கா ஒரு நாவலும் எழுதவில்லை. இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அவர் நாவல் எழுதப் போய்விட்டால் முன்னுரையை யார் எழுதுவது?

பீடத்தின் செயலாளர் குருலிங்கப்பா சவதத்தி, கடைகளின் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்தும் அரசு அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தானேஸ்வரியின் அப்பாவுடைய தராசுக்கும் முத்திரை குத்தியிருக்கிறார். அந்த உரிமையில் அவளை உட்காரச் சொன்னார்.

"இதுவும் அதே வேலைதான்மா. முன்னுரையில மூணு தரம் இருக்கு. மூணாம் தரம், 'இவரிடம் நம்பிக்கை தெரிகிறது.' ஒரு பக்கம். ரெண்டாம் தரம், 'வளர்ந்து வருகிறார்.' ரெண்டு பக்கம். சில பேர் அறுபது வயசு தாண்டியும் வளர்ந்து வந்துகிட்டேதான் இருக்காங்க, அதை விடு. முதல் தரம், 'தனிக்குரல்.' நாலு பக்கம், அக்கா கையெழுத்து பச்சை மையில. வருஷத்துக்கு ஒருத்தருக்குத்தான்."

"தனிக்குரல் யார்கிட்ட இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க சார்?"

"கண்டுபிடிக்கறதா? நாங்க உண்டாக்கறோம்." குருலிங்கப்பா மேஜைமேல் இருந்த பழைய பித்தளைப் படிக்கல்லை நகர்த்தி நடுவில் வைத்தார். "எடை சரியா இருக்கான்னு பாக்க ஒரு படிக்கல் வேணும் இல்லையா? அக்காவோட குரல்தான் படிக்கல். அதுக்கு எவ்வளவு கிட்ட வர்றியோ அவ்வளவு தனித்துவம். முன்னாடி எல்லாம் ஆளுக்கு ஒரு மாதிரி தனித்துவமா எழுதிட்டிருந்தாங்க. ஒரே குழப்பம்! இப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரியான தனித்துவம் கிடைக்குது. இந்த மாநிலத்துல வேற எந்த ஊர்லயும் இது கிடையாது."

தானேஸ்வரி தலையாட்டினாள். புரியவில்லை என்று சொன்னால் மூன்றாம் தரமும் போய்விடுமோ என்ற பயம்.

தனிக்குரல் வேண்டுகிறவர்கள் பீடத்தின் ஞாயிற்றுக்கிழமை முகாமில் சேர வேண்டும். அதன் வேலைமுறை அழகானது. முதல் கட்டத்தில் எல்லாரும் 'ஏழு மிளகாய்' முழுவதையும் கையால் நகலெடுப்பார்கள். இரண்டாவது கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்வார்கள். மூன்றாவது கட்டத்தில் தங்கள் சொந்தக் கதையை வாசிப்பார்கள். வாசிக்கும்போது எந்த இடத்திலாவது அக்காவின் சாயல் விட்டுப்போனால், கேட்கிறவர்கள் கையைத் தூக்கி "துருத்துது!" என்று சொல்ல வேண்டும். வாசிக்கிறவர் உடனே அந்த வரியை அடித்துவிட வேண்டும். துருத்துவது எல்லாம் போன பிறகு மிச்சம் இருப்பதுதான் தனிக்குரல். கதை கட்டாயம் ஒரு பெருமூச்சில் முடிய வேண்டும். பெருமூச்சின் நீளத்தை குருலிங்கப்பா சரிபார்ப்பார்.

தானேஸ்வரி எழுந்து வாசித்தாள். "பருத்தி விதையின் விலையைக் கேட்டதும், சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்..."

"துருத்துது!" என்று அறை முழுக்கக் கைகள் எழுந்தன.

"தொப்பியா துருத்துது, விலையா?" என்றாள் தானேஸ்வரி.

"சிரிப்பு வருதும்மா," என்றார் குருலிங்கப்பா வருத்தத்தோடு. "அக்காவைப் படிச்சு யாராவது சிரிச்சிருக்காங்களா?"

அடுத்து ஸௌஜன்யா வாசித்தாள். ஸௌஜன்யா குந்தகோள, ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். தானேஸ்வரியோடு ஒரே பெஞ்சில் படித்த தோழி. இருவரும் ஒரே நாளில்தான் முகாமில் சேர்ந்தார்கள். ஸௌஜன்யாவின் கதை எண்ணெய் தடவி வாரின தலை மாதிரி படிந்து கிடந்தது. ஒரு முடிகூடத் துருத்தவில்லை. முற்றம் வந்தது, மிளகாய் வந்தது, பேசாத மாமியார் வந்தார், பெருமூச்சு வந்தது. ஒரு கையும் எழவில்லை. குருலிங்கப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"எது அக்காவோடது, எது உன்னோடதுன்னு பிரிக்கவே முடியலையே தாயி!" என்றார்.

தானேஸ்வரி எதைப் பிரித்துத் தரச் சொல்லி வந்தாளோ, அதைப் பிரிக்க முடியாமல் செய்தவளுக்கு அங்கே கைதட்டல் கிடைத்தது.

பொறாமை வேலை செய்யும் விதத்தை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? பெரிய விஷயத்தில் அது தொடங்குவதில்லை. முகாமின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து பாதித் தூக்கத்தில் கேட்டார். கிளம்பும்போது மூக்குக் கண்ணாடியைத் தேடினார். ஸௌஜன்யா எடுத்துக் கொடுத்தாள். அக்கா அவள் கன்னத்தில் மெல்லத் தட்டினார். அவ்வளவுதான். அடுத்த வாரம் தானேஸ்வரி ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போனாள். ஸௌஜன்யா சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர் கொண்டு வந்திருந்தாள். தானேஸ்வரி அக்காவின் செருப்பை வாசலில் நேராகத் திருப்பி வைத்தாள். ஸௌஜன்யா அதற்கு முன்பே வைத்துவிட்டதால், தானேஸ்வரி திருப்பியதில் அது மறுபடி கோணலாகிவிட்டது.

முகாம் முடிந்து இருவரும் தள்ளுவண்டியில் கிர்மிட் பொரி வாங்கினார்கள்.

"ஏ தானா, பொரி நமுத்துப் போகுது, சாப்பிடு."

"வயிறு சரியில்ல."

"அக்கா என் கன்னத்துல தட்டினதுல இருந்து உனக்கு வயிறு சரியில்ல."

"தட்டினாங்களா? நான் கொசு அடிச்சாங்கன்னு நினைச்சேன்."

அந்த வருடத்துத் தனிக்குரல் ஸௌஜன்யாவுக்குத்தான் என்று அறிவிப்பு வந்தது. தானேஸ்வரிக்கு மூன்றாம் தரம். அதுவும் நிபந்தனையோடு.

"ரெண்டு கதையில சிரிப்பு வருது. அதை எடுத்துட்டா நம்பிக்கை தெரியும்," என்றார் குருலிங்கப்பா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஒரு வாய்ப்பு வச்சிருக்கேன். ஸௌஜன்யா புத்தக வெளியீட்டுல நூல் அறிமுகம் நீ பண்ணு. நல்லாப் பண்ணினா ரெண்டாம் தரத்துக்கு உயர்த்தலாம்னு அக்காகிட்ட சொல்றேன்."

எங்கள் ஊர் விழாக்களில் நூல் அறிமுகம் என்று ஒன்று உண்டு. புத்தகத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒருவர் மேடையில் சொல்லிவிடுவார். அதன் பிறகு யாரும் அதைப் படிக்க வேண்டியதில்லை. பீடத்தின் விழாவில் மட்டும் இந்த வேலை, முதல் தரம் கிடைக்காமல் போனவருக்கே தரப்படும்.

"ஏன் சார் அப்படி?" என்று கேட்டாள்.

"தோத்தவங்க வாயால புகழ்ந்தாத்தானே ஜெயிச்சவங்களுக்கு எடை கூடும்? நாங்க யாரோட மனசையும் நோகடிக்கறதில்ல. ஆனா நோகற மனசு ஒண்ணு இருந்தா அதை வீணாக்கறதும் இல்ல."

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. இறைவணக்கம் பாடினார்கள், விளக்கேற்றினார்கள், மேடையில் இருந்த எல்லாருக்கும் சால்வையும் பழக்கூடையும் கொடுத்தார்கள். அக்கா நடு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தானேஸ்வரி ஒரு வாரம் உழைத்து எழுதிய காகிதத்தை மடியில் வைத்திருந்தாள். முகாமில் கற்ற எல்லாவற்றையும் அதில் போட்டிருந்தாள்.

தலைமை விருந்தினர் தொடங்கினார். "இந்தப் புத்தகத்தைத் திறந்ததும் காய்ந்த மிளகாயின் வாசம் என் நெஞ்சைத் தொட்டது."

தானேஸ்வரி காகிதத்தைப் பார்த்தாள். அவளுடைய முதல் வரியும் அதுதான். தலைமை விருந்தினர் சில வருடங்களுக்கு முன் தனிக்குரல் வாங்கியவர். பரவாயில்லை, இரண்டாவது வரியிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தாள்.

அடுத்துப் பேசியவர் அதற்கும் முந்திய வருடத்துத் தனிக்குரல். "இந்தப் புத்தகத்தைத் திறந்ததும் காய்ந்த மிளகாயின் வாசம் என் நெஞ்சைத் தொட்டது," என்றார் அவரும். கேட்டுக்கொண்டிருந்த பீடத்தார் முகத்தில் நிறைவு தெரிந்தது. பீடத்தின் விழாவில் ஏற்புரை நூல் அறிமுகத்துக்கு முன்பே வரும்; மூன்றாவதாக எழுந்த ஸௌஜன்யா அதைச் சொன்னாள். "அக்காவின் புத்தகத்தைத் திறந்த அன்று காய்ந்த மிளகாயின் வாசம்..."

"அட, இதை அப்பவே சொல்லிட்டாங்கள்ல!" என்று கடைசி வரிசையில் ஒரு குரல் எழுந்தது. அது யல்லப்பா. பக்கத்துக் கிராமத்து விவசாயி, தானேஸ்வரி கடையின் பழைய வாடிக்கை. விழா முடிந்ததும் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் உண்டு என்று அவள் சொல்லித்தான் வந்திருந்தார். ஒரே விஷயத்தை மூன்று பேர் சொன்னால் அதில் ஏதோ ஏமாற்று வேலை இருக்கிறது என்பது அவருடைய மார்க்கெட் அனுபவம்.

தானேஸ்வரியின் முறை வந்தது. ஒலிபெருக்கி முன் நின்று காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். மிச்சம் ஒரு வரி இல்லை. எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது, பெருமூச்சு உட்பட.

"எனக்கு முன்னால பேசினவங்க என் பேச்சையும் சேர்த்துப் பேசிட்டாங்க," என்றாள். காகிதத்தை மடித்தாள். "மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். எனக்கு வயிறு எரியுது. வேணும்னா அதைச் சொல்றேன்."

ஸௌஜன்யா புன்னகையை மாற்றவில்லை. போட்டோக்காரர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"புத்தகம் நல்ல புத்தகம். எங்க கடையில ஹைபிரிட் விதை விப்போம். ஒரே மாதிரி முளைக்கும், ஒரே உயரம் வளரும், குறையே சொல்ல முடியாது. ஆனா அதுல இருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டா சரியா வராது. திரும்பக் கடைக்குத்தான் வரணும். கடைக்காரிக்கு அது நல்லது. கடைக்கும் பீடத்துக்கும் எல்லாருக்கும் நல்லது."

யல்லப்பா முதலில் சிரித்தார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"இதை நான் நியாயத்துக்காகச் சொல்லல. பொறாமையில சொல்றேன். ஸௌஜன்யா கன்னத்துல அக்கா தட்டினாங்க, என் கன்னத்துல தட்டல. அதுல இருந்து இந்தக் கன்னம் பல் பிடுங்கின கன்னம் மாதிரி மரத்துக் கிடக்கு." அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பொறாமைன்னா என்ன தெரியுமா? பக்கத்து வயல்ல மழை பேயுது. நம்ம வயல்ல ஒரு சொட்டு இல்ல. ஆனா தவளைச் சத்தம் மட்டும் ராத்திரி பூரா நம்ம காதுலதான்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பிறகு சட்டென்று அடங்கியது, ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்து வயலை நினைத்துக்கொண்ட மாதிரி. ஸௌஜன்யாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். முகாமில் கற்ற புன்னகை அதில் இல்லை. குருலிங்கப்பா மட்டும், "துருத்துது, பயங்கரமா துருத்துது," என்று முணுமுணுத்துக்கொண்டே பேச்சு நேரம் முடிந்ததற்கான மணியை அடித்தார்.

அக்கா கண்ணைத் திறந்திருந்தார்.

விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. பழக்கூடைகளுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பக்கத்தில், தனியாக, தானேஸ்வரி அவரைப் பார்த்ததில்லை.

"கதவைச் சாத்து," என்றார் அக்கா. "அந்தத் தவளை யாரோடது?"

"என்னோடதுதான் அக்கா."

"எங்கே படிச்சே?"

"படிக்கல."

"என் புத்தகத்துல எங்கேயாவது...?"

"இல்ல அக்கா. பேசும்போதே மனசுக்குள்ள தேடிப் பாத்துட்டேன். எங்கேயும் இல்ல."

அக்கா ஒரு திராட்சையைப் பிய்த்துக் கையில் உருட்டினார். சாப்பிடவில்லை. "பதினஞ்சு வருஷமா முன்னுரை எழுதறேன். எல்லாரும் என்னை இளகிய மனசுக்காரின்னு சொல்றாங்க. ஒண்ணைப் படிச்சாவது எனக்கு வயிறு எரிஞ்சிருந்தா எழுதியிருப்பேனா? எரியல, எழுதினேன். இன்னிக்கு எரியுது." திராட்சையைக் கூடையில் திரும்பப் போட்டார். "ஒரு நாவல் ரொம்ப நாளா ஆரம்பிக்க வராம கிடக்கு. அக்கா தங்கச்சி ரெண்டு பேர், பக்கத்துப் பக்கத்து வயல். அந்தத் தவளையை எனக்குக் குடுத்துடு. உன் புத்தகத்துக்குத் தனிக்குரல் எழுதித் தர்றேன். நாலு பக்கம். வேணும்னா அஞ்சு."

தானேஸ்வரி ஆசைப்பட்டது அத்தனையும் அந்த அறையில் இருந்தது. அக்கா கேட்டிருந்தால் விதைக்கடையையே எழுதிக் கொடுத்திருப்பாள். அவளுடைய வரி அக்காவின் நாவலில் வருவதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? 'எடுத்துக்கங்க அக்கா' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"தர மாட்டேன்," என்று வந்தது.

இருவரும் திடுக்கிட்டார்கள்.

"வேற என்ன வேணும்னாலும் எடுத்துக்கங்க அக்கா. முழுக் கதை ரெண்டு தர்றேன். தவளை மட்டும் வேண்டாம்."

"ஒரு வரிதானேடி!"

"ஒண்ணுதான் அக்கா இருக்கு."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு இருந்தது என்று சொல்ல முடியாது. "அப்ப உனக்கு முன்னுரை கிடையாது. மூணாம் தரமும் கிடையாது."

"சரி அக்கா."

"போ. போறப்ப அந்த ஆப்பிளை எடுத்துட்டுப் போ. எனக்குக் கடிக்கப் பல் இல்ல."

ஈரண்ணா தலையில் கை வைத்தார். முன்னுரைக்கென்று இரண்டு பக்கம் விட்டு அச்சுக்கு எல்லாம் தயாராக்கியிருந்தார். கடைசியில் கோபத்தில் அந்தப் பக்கங்களில் ஒரே வரியைப் போட்டார்: 'இந்த நூலுக்கு முன்னுரை தர மந்தாகினி இட்டகி மறுத்துவிட்டார்.' எழுத்தும் கொஞ்சம் பெரியதாக விழுந்துவிட்டது. எல்லாருக்கும் எழுதித் தந்த அக்கா மறுக்கும்படி அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஊரே வாங்கியது. எங்கள் ஊரில் முதல் முறையாக ஒரு புத்தகத்தின் கதைகளைப் படித்தார்கள்.

பீடம் இதைச் சும்மா விடுமா? அவசரக் கூட்டம் கூடியது. குருலிங்கப்பா பேசினார்.

"மறுப்புன்னு ஒரு புதுத் தரம் உருவாகியிருக்கு. அது தனிக்குரலுக்கும் மேல. இதை நாம கவனிக்காம விட்டா ஆளாளுக்கு முறையில்லாம மறுக்கப்பட ஆரம்பிச்சுடுவாங்க. அதனால மறுப்பையும் பீடமே ஏத்து நடத்தும். மறுப்புக்கான முகாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தகுதி உள்ள எல்லாரும் சமமா மறுக்கப்படுவாங்கன்னு உறுதி தர்றேன்."

முகாமில் எல்லாரும் தவளையைப் பற்றி எழுதக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. யாரைப் படித்தும் அக்காவுக்கு வயிறு எரியவில்லை. மறுப்புக்காக வந்தவர்களுக்கெல்லாம் தயங்காமல் எழுதிக் கொடுத்து அனுப்பினார். கையில் முன்னுரையோடு அழுதுகொண்டே மாடிப்படி இறங்கினார்கள்.

ஒரு மாலை ஸௌஜன்யா விதைக்கடைக்கு வந்தாள். சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"ஏ தானா, அக்கா எனக்கு மறுக்கவே மாட்டேங்கறாங்க. ரெண்டாவது புத்தகத்துக்கும் எழுதிட்டாங்க. நான் கேக்கக்கூட இல்ல."

"சுக்கு வெந்நீரை நிறுத்திப் பாரு."

"நிறுத்திட்டேன். அதுக்கும் முன்னுரையில நன்றி சொல்லியிருக்காங்க." ஸௌஜன்யா விதைகளை விரலால் அளைந்தாள். "அன்னிக்கு நீ பேசினப்ப எனக்கும் எரிஞ்சுது தெரியுமா? வீட்டுக்குப் போய் உக்காந்து எழுதினேன். முகாம்ல வாசிச்சேன். எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க."

"அடிச்சுட்டியா?"

ஸௌஜன்யா கையில் ஒட்டிய விதைகளைச் சாக்கில் தட்டிவிட்டாள். தானேஸ்வரி அவளுக்கு ஒரு டீ சொன்னாள். தோழி அதை அடித்துவிட்டிருந்தால் நல்லது என்று ஒரு பக்கமும், அடித்திருக்கக் கூடாது என்று இன்னொரு பக்கமும் மனசு இழுத்தது. முதல் பக்கம்தான் கொஞ்சம் பலமாக இழுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் பீடத்தைப் பூட்டி வைத்தார்கள். அக்கா முன்னுரை எழுதுவதை நிறுத்திவிட்டார். நாவல் எழுதுகிறாராம். குருலிங்கப்பா இதை அக்காவின் உடல்நலக் குறைவு என்று அறிவித்தார்.

நாவல் வந்த அன்றே தானேஸ்வரி வாங்கினாள். விதைக்கடையில் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டி, தன் தவளை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். அக்கா தங்கச்சி இருந்தார்கள், பக்கத்துப் பக்கத்து வயல் இருந்தது, மழை இருந்தது. தவளை இல்லை. ஒரு பெருமூச்சும் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் தங்கச்சி சொல்கிறாள்: 'அக்கா வீட்டில் ரொட்டி தட்டும் சத்தம் கேட்டு, என் வீட்டு மாவுக்குக் கூச்சம் வந்தது.'

தானேஸ்வரி புத்தகத்தை மூடினாள். திறந்து மறுபடி அந்த வரியைப் படித்தாள். வயிற்றில் ஏதோ பற்றிக்கொண்டது.

"தங்கச்சி, கத்தரி விதை," என்றார் யல்லப்பா.

"இருங்கண்ணா." அவள் தொலைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, அந்த மாவை எனக்குக் குடுங்க. நான் உங்களுக்கு முன்னுரை எழுதித் தர்றேன். அஞ்சு பக்கம்."

எதிர்ப் பக்கம் பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"தவளை வருமா?" என்றார் அக்கா.

"வராது அக்கா."

"அப்ப மாவும் வராது. வை போனை."

அன்று யல்லப்பாவுக்குக் கத்தரிக்குப் பதிலாக வெண்டை விதை போயிற்று. வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.